முட்டை ஓடு உறுதி பெற: கலந்து வளரும் கோழிகளுக்குக் கிளிஞ்சல்

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சோரியாங்குப்பம், தென்பெண்ணை ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர். பாகூர் வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. நெல் விளையும் ஊர்களில் குருணைக்கும் தவிட்டுக்கும் பஞ்சம் இல்லை. எனவே, சிறு விவசாயக் குடும்பங்கள் புறக்கடையில் பத்துப் பதினைந்து கோழிகளை அதிகச் செலவின்றி வளர்க்க முடிகிறது. வீட்டுக் குழந்தைகளுக்கு முட்டையும், வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்குச் சிறு தொகையும் இதனால் கிடைக்கின்றன.

இவ்வாறு வளர்க்கப்படும் கோழிகளில் அடிக்கடி காணப்படும் குறை, முட்டை ஓடு மெலிந்து போவதாகும். கூடையிலிருந்து எடுக்கும்போதே முட்டை விரிசல் விடும். சில நாள்களில் ஓடே இல்லாத 'தோல் முட்டை' விழும். அடை வைத்த முட்டைகள் தாய்க்கோழியின் கனம் தாளாமல் உடைந்து மற்ற முட்டைகளையும் கெடுத்துவிடும். இன்னும் சில வீடுகளில் நன்றாக முட்டையிட்டு வந்த கோழி திடீரென்று கால் ஊன்ற முடியாமல் படுத்துவிடும்.

சுண்ணாம்புச் சத்துக் குறைவே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால், அதைச் சரி செய்யும் முறையில்தான் தவறு நேர்கிறது. முட்டைக்கோழிகளுக்கான தீவனத்தை வாங்கி வந்து எல்லாக் கோழிகளுக்கும் இறைத்து விடுகிறார்கள். அல்லது சுண்ணாம்பைத் தீவனத்தில் கலந்து விடுகிறார்கள். முட்டை ஓடு கெட்டிப்படுகிறது. சில வாரங்களில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஒரு குறை தீர்ந்து மற்றொரு குறை வந்து சேருகிறது. இரண்டையும் தவிர்க்க எளிய வழி உண்டு.

ஒரே முற்றம், வெவ்வேறு தேவை

புறக்கடையில் குஞ்சு, விடைக்கோழி, முட்டையிடும் பெட்டை, அடைக்கோழி, சேவல் எல்லாம் ஒன்றாகவே மேய்கின்றன. இவற்றின் சுண்ணாம்புச் சத்துத் தேவை ஒன்றல்ல. குஞ்சுகளுக்கும் விடைக்கோழிகளுக்கும் தீவனத்தில் சுமார் 1 சதவீதம் சுண்ணாம்புச் சத்து இருந்தால் போதும். சேவலுக்கும் அடைக்கோழிக்கும் அதற்கு மேல் தேவையில்லை. முட்டையிடும் பெட்டைக்கு மட்டும் 3 முதல் 4 சதவீதம் தேவைப்படுகிறது. அதாவது, குஞ்சுக்குத் தேவையானதைப் போல மூன்று நான்கு மடங்கு.

பெரிய பண்ணைகளில் வயதுவாரியாகக் கோழிகளைப் பிரித்து, தனித்தனித் தீவனம் கொடுக்கிறார்கள். பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது இயலாது. எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம் போடும்போது, எதற்கு ஏற்ற தீவனம் போடுவது என்பதே கேள்வி.

ஒரு முட்டைக்கு எவ்வளவு?

நாட்டுக்கோழி முட்டை ஒன்றின் எடை சுமார் 40 கிராம். அதில் ஓடு மட்டும் ஏறக்குறைய 4 கிராம். ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருள். கணக்கிட்டால் ஒரு முட்டை ஓட்டில் சுமார் ஒன்றரை கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கோழி தின்னும் சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறையப் பாதியே உடலில் சேருகிறது. ஆகவே ஒரு முட்டைக்கு 3 கிராம் அளவுக்கு அது உட்கொள்ள வேண்டும்.

குருணையும் தவிடும் தின்றால் இது கிடைக்குமா? ஒரு நாளில் 50 கிராம் குருணையும் 30 கிராம் தவிடும் தின்றாலும், அதில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு சுண்ணாம்புச் சத்துகூடத் தேறாது. தானியங்களில் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது கேழ்வரகு. அதில்கூட 100 கிராமுக்கு சுமார் மூன்றில் ஒரு பங்கு கிராம்தான் உள்ளது. அகத்திக் கீரையில் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவில் உண்டு. ஆனால் ஒரு கோழி நாளொன்றுக்குத் தின்னும் கீரை பத்து கிராம் இருந்தால் அதிகம். கீரை நல்லது, உயிர்ச்சத்துகளைத் தருகிறது. ஆனால் முட்டை ஓட்டுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

தவிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பாஸ்பரஸ் மிகுதி. ஆனால் அதன் பெரும்பகுதி கோழியால் செரிக்க இயலாத 'பைட்டேட்' என்னும் வடிவில் இருக்கிறது. இந்தப் பொருள் தீவனத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேற்றிவிடும். வெறும் தவிட்டைப் பிசைந்து வைத்து வளர்க்கும் கோழிகளில் தோல் முட்டை அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்பிலிருந்து வாங்கும் கடன்

பிரெஞ்சு வேதியியல் அறிஞர் வோக்லான் 1799ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தார். ஒரு பெட்டைக்கோழிக்கு ஓட்ஸ் தானியத்தை மட்டும் கொடுத்து, அதிலிருந்த சுண்ணாம்பையும், முட்டை ஓட்டிலும் எச்சத்திலும் வெளியேறிய சுண்ணாம்பையும் அளந்து பார்த்தார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகமாக இருந்தது. அன்று இது பெரும் புதிராகத் தோன்றியது. இன்று அதன் விடை தெரியும். தீவனத்தில் கிடைக்காத சுண்ணாம்பைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு கட்டுகிறது.

முட்டையிடும் பருவத்துக்குச் சற்று முன்பாகப் பெட்டைக்கோழியின் கால் எலும்புக் குழல்களுக்குள் மென்மையான எலும்பு ஒன்று புதிதாக வளர்கிறது. இதைச் சுண்ணாம்புச் சேமிப்புக் கிடங்கு எனலாம். இரவில் தீவனம் இல்லாத நேரத்தில் இதிலிருந்து எடுத்து, பகலில் தின்ற தீவனத்திலிருந்து திரும்ப நிரப்பிக் கொள்கிறது. தீவனத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் கடன் மட்டும் வளர்கிறது; திருப்பிச் செலுத்துவதில்லை. ஒரு கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து சுமார் 20 கிராம்தான். ஒரு முட்டைக்கு ஒன்றரை கிராம் போனால் எத்தனை நாள் தாங்கும்? முதலில் ஓடு மெலிகிறது. பிறகு கோழி முட்டையிடுவதை நிறுத்தி விடுகிறது. நிறுத்தாமல் இடும் கோழி, மார்பெலும்பு வளைந்து கால் விழுந்து போகிறது.

நாட்டுக்கோழிக்குத் தெரியாத குறை

'எங்கள் பாட்டி காலத்தில் யாரும் கிளிஞ்சல் போட்டு வளர்க்கவில்லையே' என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50 முதல் 80 முட்டைகளே இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்து விடும். பிறகு குஞ்சுகளோடு சில வாரங்கள் சுற்றும். இந்த ஓய்வில், வயல் வரப்பிலும் எருக்குழியிலும் பொறுக்கித் தின்னும் நத்தை, புழு, பூச்சி, பழைய சுவர்ச் சுண்ணாம்பு ஆகியவற்றால் எலும்புக் கடன் அடைபட்டு விடும்.

இப்போது புறக்கடைகளில் வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்களும் நாட்டுக்கோழிகளோடு கலந்து வளர்கின்றன. இவை ஐதராபாத்திலுள்ள மத்திய கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய இனங்கள். கிராமப்பிரியா புறக்கடையிலேயே ஆண்டுக்கு 160 முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது. முட்டையும் பெரிது, ஒன்றின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 300 கிராமுக்கு மேல் வெளியேறுகிறது. அதன் எலும்புக்கூட்டில் இருப்பதைப் போல் இது பதினைந்து மடங்கு. இந்த இனங்கள் அடைக்கு உட்காருவதும் அரிது. எனவே ஓய்வும் இல்லை. நாட்டுக்கோழிக்குப் போட்ட அதே குருணையைப் போட்டுவிட்டு, மூன்று மடங்கு முட்டையை எதிர்பார்த்தால் அந்தக் கோழி தன் எலும்பைத்தான் விற்றுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

குஞ்சுகளுக்கு மிகுந்தால் கேடு

அப்படியானால் தீவனத்திலேயே சுண்ணாம்பைக் கூட்டிப் போட்டால் என்ன? இங்குதான் குஞ்சுகளை நினைக்க வேண்டும். முட்டையிடாத இளங்கோழியின் உடலில் மிகுதியான சுண்ணாம்புக்கு வேலை இல்லை. அது சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். நாள்தோறும் மிகுதியாகப் போனால் சிறுநீரகம் பழுதடைகிறது. யூரிக் அமிலம் வெளியேறாமல் உடலுக்குள் தங்குகிறது. இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் இருதயத்தின் மீதும் ஈரலின் மீதும் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்படலம் தெரியும். வெளியில் பெரிய அறிகுறி எதுவும் இராது. குஞ்சு சோர்ந்து, தண்ணீர் மிகுதியாகக் குடித்து, வெள்ளையாகக் கழிந்து இறந்து போகும். தொற்று நோய் என்று எண்ணி மருந்து கொடுத்தும் பயன் இராது.

சில நேரங்களில் இக்கேடு உடனே தெரிவதில்லை. விடைப்பருவத்தில் பழுதடைந்த சிறுநீரகத்தோடு வளர்ந்த கோழி, முட்டையிடத் தொடங்கிய பிறகு இறக்கும். எனவே, கொண்டை சிவந்து முட்டையிடும் பருவம் நெருங்கும் வரை முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கக் கூடாது.

தீவனம் பொது, கிளிஞ்சல் தனி

மேற்சொன்ன இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே தீர்வு: எல்லாக் கோழிகளுக்கும் 1 சதவீத அளவு சுண்ணாம்புச் சத்துள்ள பொதுத் தீவனத்தைப் போட்டு, கிளிஞ்சல் நொய்யைத் தனிப் பாத்திரத்தில் எப்போதும் வைத்துவிட வேண்டும். எந்தக் கோழிக்குத் தேவையோ அது தானே வந்து கொத்தித் தின்னும். முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்பின் மீது தனிப்பசி உண்டு. முட்டை உருவாகும் நாள்களில், குறிப்பாக மாலை வேளையில், அது கிளிஞ்சலைத் தேடிப் போவதைக் காணலாம். சேவலும் விடைக்கோழியும் சிறிதளவு கொத்திவிட்டு விலகிவிடும்.

மாலை வேளைக்குக் காரணம் இருக்கிறது. முட்டையின் மேல் ஓடு கட்டுவதற்குச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. மாலையில் தின்ற கிளிஞ்சல் துண்டுகள், இரையை அரைக்கும் தசைப்பையில் தங்கி இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரைகின்றன. ஓடு கட்ட வேண்டிய நேரத்தில் சுண்ணாம்பு கிடைத்துக் கொண்டே இருக்கிறது. எலும்பில் கை வைக்க வேண்டியதில்லை. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் விரைவில் கரைந்து முடிந்துவிடும். ஆகவே துண்டுகளாகக் கொடுப்பதே நல்லது.

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 8 கிராம் வரை, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, கிளிஞ்சல் தின்னும். ஆறு கோழிகள் முட்டையிடும் வீட்டில் மாதத்துக்கு ஒன்றேகால் கிலோ இருந்தால் போதும்.

கிளிஞ்சல் தயாரித்தல்

சோரியாங்குப்பம் போன்ற ஊர்களுக்குக் கடற்கரை அருகிலேயே இருக்கிறது. கடற்கரையிலும் கழிமுகத்திலும் ஒதுங்கும் கிளிஞ்சலும் மட்டியும் கிடைக்கும். தீவனக் கடைகளிலும் உடைத்த கிளிஞ்சல் விற்கப்படுகிறது.

கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி உப்பையும் சேற்றையும் போக்க வேண்டும். வெயிலில் நன்கு காயவைத்து, உரலிலோ கல்லின் மேலோ இட்டு நொறுக்க வேண்டும். துண்டுகள் உடைத்த துவரம்பருப்பு அளவில், அதாவது 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பெரிய சில்லுகளை மீண்டும் நொறுக்கலாம். மிக நுண்ணிய தூளைச் சலித்து அகற்றிவிடலாம்.

இதை ஒரு கொட்டாங்குச்சியிலோ பழைய தகரக் குவளையிலோ இட்டு, பெட்டைக்கோழியின் முதுகு உயரத்தில் கம்பத்தில் கட்ட வேண்டும். சிறு குஞ்சுகளுக்கு அது எட்டாது. மழை படாமல் கூரைக்கு அடியில் கட்டுவது நலம்.

வீட்டில் சேரும் முட்டை ஓடுகளையும் வீணாக்க வேண்டியதில்லை. வேகவைத்தோ வாணலியில் வறுத்தோ காயவைத்து, நொறுக்கிக் கிளிஞ்சலோடு சேர்க்கலாம். முழு ஓடாகப் போட்டால் கோழிகள் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும். முட்டை ஓடு மட்டுமே போதாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விற்ற முட்டையோடு போன சுண்ணாம்பு திரும்பி வருவதில்லை அல்லவா?

பயன் தராத வழிகள்

வெற்றிலைச் சுண்ணாம்பையோ, சுவருக்கு அடிக்கும் நீற்றிய சுண்ணாம்பையோ தீவனத்தில் கலக்கக் கூடாது. வாயையும் இரைப்பையையும் அரித்துப் புண்ணாக்கும். சிலர் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைக் குடிக்க வைக்கிறார்கள். ஒரு லிட்டர் தெளிவு நீரில் கரைந்திருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான சுண்ணாம்புச் சத்தே. கோழி குடிக்கும் 200 மில்லி நீரில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சேரும். பெட்டைக்குப் போதாது, பொதுத் தண்ணீர் என்பதால் குஞ்சும் குடிக்க நேரும்.

ஆற்று மணலைக் கோழிகள் கொத்துவதைப் பார்த்து, சுண்ணாம்பு கிடைத்து விடுகிறது என்று எண்ணுவோரும் உண்டு. மணலும் சிறு கல்லும் தசைப்பையில் இரையை அரைக்க உதவுகின்றன. அவை அங்கே கரைவதில்லை. ஆகவே கோழிக்கு மணலும் வேண்டும், கிளிஞ்சலும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

கருவாட்டுக் கழிவு புரதச் சத்து மிகுந்ததுதான். ஆனால் உப்பிட்ட கருவாடு கோழிக்கு நஞ்சாகும். குஞ்சுகள் விரைவில் சாகும். உப்பிடாமல் காயவைத்த மீனின் தூளையே பயன்படுத்த வேண்டும்.

பொதுத் தீவனக் கலவை

கடையில் வாங்குவோர் வளர்கோழித் தீவனத்தை வாங்கி எல்லாக் கோழிகளுக்கும் கொடுக்கலாம். வீட்டிலேயே கலக்க விரும்புவோர் 10 கிலோ தீவனத்துக்குக் கீழ்க்கண்ட அளவைக் கையாளலாம்:

அரிசிக் குருணை – 4 கிலோ
உடைத்த கம்பு அல்லது சோளம் – 1.5 கிலோ
தவிடு – 1.5 கிலோ
கடலைப் பிண்ணாக்கு – 2 கிலோ
உப்பில்லாத மீன் தூள் – 800 கிராம்
கோழிகளுக்கான தாது உப்புக் கலவை – 200 கிராம்

இக்கலவையில் சுமார் 18 சதவீதம் புரதமும் 1 சதவீத அளவு சுண்ணாம்புச் சத்தும் இருக்கும். பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும். பூஞ்சண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். முட்டை ஓட்டையும் மெலியச் செய்யும்.

மேய்ச்சல் கிடைக்கும் வளர்ந்த கோழிகளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் வீதம், காலையிலும் மாலையிலும் பாதிப் பாதியாகக் கொடுத்தால் போதும். பத்துப் பெட்டையும் இரண்டு சேவலும் உள்ள வீட்டுக்கு 10 கிலோ கலவை பதினாறு நாள்களுக்கு வரும். அதற்கு மேல் கலந்து வைத்தால் தவிட்டு எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும்.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்குக் குஞ்சுத் தீவனத்தைத் தனியே, வயிறு நிறையக் கொடுக்க வேண்டும். இதற்குப் பஞ்சாரமே போதும். பஞ்சாரத்தைக் கவிழ்த்து, விளிம்பின் கீழ் மூன்று செங்கற்களை வைத்து, குஞ்சு மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். உள்ளே தீவனத் தட்டை வைத்தால் குஞ்சுகள் புகுந்து தின்னும்; பெரிய கோழிகள் வெளியே நிற்கும்.

மழைக்காலமும் கோடைக்காலமும்

2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததைப் போன்ற நாள்களில் கோழிகளை அடைத்தே வைக்க நேரிடும். அப்போது நத்தையும் பூச்சியும் கிடைப்பதில்லை, வெயிலும் படுவதில்லை. வெயில் படாவிட்டால் உயிர்ச்சத்து 'டி' குறையும். அது குறைந்தால் தின்ற சுண்ணாம்பும் உடலில் சேராது. அடைமழை நாள்களில் முழுத் தீவனமும் உயிர்ச்சத்துக் கலவையும் கொடுத்து, வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கோழிகளை வெளியே விட வேண்டும்.

கத்திரி வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு இரைக்கும். அப்போது உடலிலிருந்து கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் ஓடு கட்டுவது பாதிக்கப்படும். தீவனமும் குறைவாகத் தின்னும். நிழலும் குளிர்ந்த நீரும் தந்து, அதிகாலையிலும் மாலையிலும் தீவனம் வைக்க வேண்டும்.

ஓட்டைச் சோதித்தல்

சமையலுக்கு உடைத்த முட்டைகளின் ஓடுகளை நன்கு காயவைத்து, 25 ஓடுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்க்கலாம். நாட்டுக்கோழி முட்டையானால் சுமார் 100 கிராம் இருக்க வேண்டும். 75 கிராம்தான் இருக்கிறது என்றால் கோழிகளுக்குச் சுண்ணாம்பு போதவில்லை என்று கொள்ளலாம். கிளிஞ்சல் வைத்து ஒரு மாதம் கழித்து மீண்டும் நிறுத்தால் வேறுபாடு தெரியும்.

முதன்முதலாக முட்டையிடும் விடைக்கோழி ஓரிரு தோல் முட்டை இடுவது இயல்பு. வயது முதிர்ந்த கோழியின் முட்டை ஓடும் ஓரளவு மெலிந்தே இருக்கும். இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பல கோழிகள் ஒரே நேரத்தில் தோல் முட்டை இட்டு, அதோடு பச்சையாகக் கழிதல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் போன்றவையும் தென்பட்டால், அது வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். கிளிஞ்சலால் அது தீராது. நோய்கண்ட கோழிகளைப் பிரித்து வைத்து, உடனே அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். இந்நோய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதே பாதுகாப்பு.

தீவனக் கலவை பற்றிய ஐயங்களுக்குப் புதுச்சேரி வட்டார விவசாயிகள் குரும்பாப்பேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.

கிளிஞ்சலுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கரையில் பொறுக்கினால் உழைப்பு மட்டுமே. கம்பத்தில் கட்டிய ஒரு கொட்டாங்குச்சி காலியாகாமல் பார்த்துக் கொண்டால், முட்டை உடையாமல் சந்தைக்குப் போகும். அடை வைத்த முட்டை குஞ்சாகும். முட்டையிட்ட கோழியும் தன் காலில் நிற்கும்.